சிறைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கோப்பு எங்கே நின்றுவிடுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தம்பியைக் கொன்ற குற்றத்துக்காக ஒருவர் தண்டனை பெற்று வெஸ்ட்வில் சிறைக்குப் போனார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, அதே மனிதரை இரண்டு கடை தள்ளிப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். சகோதரி காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டபோது, தங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை, சிறையில் கேளுங்கள் என்றார்களாம். சிறைக்குத் தொலைபேசி செய்தபோது, கைதியின் விவரங்களைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்றார்களாம். “இரண்டும் ஒரே அரசாங்கம்தானே, அவர்களுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டார்களா? எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்?” என்று கேட்கிறார்.

டர்பன் வட்டாரத்தில் பரோலில் வெளிவந்தவர்களைக் கண்காணிக்கும் வேலையில் சமூகப் பணியாளராக 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தில் நேரான பதிலை முதலில் சொல்கிறேன். சிறையும் காவல் துறையும் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சில இடங்களில் கட்டாயமும் இருக்கிறது. பெரும்பாலும் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் கொடுத்த தகவல் யார் கையில் விழுந்தது, விழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்ற கேள்விக்குத்தான் பல நேரம் பதில் கிடைப்பதில்லை. குடும்பத்தாராகிய உங்களுக்குச் சொல்லும் கடமை, நீங்கள் எழுத்து மூலம் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் நடைமுறையில் உயிர் பெறுகிறது. இந்த ஒன்றை இத்தனை ஆண்டுகளாக யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

ஒரே அரசாங்கம் என்று நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் ஒரு குற்றவாளி கடந்துபோகும் வாசல்கள் நான்கு. பிடிப்பதும் விசாரிப்பதும் காவல் சேவையின் வேலை. வழக்கை நடத்துவது அரசு வழக்குத் தொடுப்பு ஆணையம். தண்டனை விதிப்பது நீதிமன்றம். அதை நிறைவேற்றுவது சீர்திருத்தச் சேவைகள் துறை, அதாவது நாம் சிறைத் துறை என்று சொல்வது. ஆள் யார் என்று சொல்லும் மக்கள் பதிவேடு இவை எதிலும் இல்லாமல் உள்துறையில் தனியே இருக்கிறது. காவல் நிலையம் உங்கள் தம்பியின் வழக்கை ‘காஸ்’ எண்ணால் அறியும். நீதிமன்றம் தன் வழக்கு எண்ணால் அறியும். சிறை தன் கைதிப் பதிவு எண்ணால் அறியும். மூன்று எண்ணும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்பதை யாராவது ஒருவர் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தால்தான், ஒரு வாசலில் கேட்ட கேள்விக்கு அடுத்த வாசலில் பதில் கிடைக்கும். 1996இல் அரசு அறிவித்த தேசியக் குற்றத்தடுப்பு வியூகத்தின் காலத்திலிருந்தே, இந்தத் துறைகளின் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்க ‘ஒருங்கிணைந்த நீதி அமைப்பு’ என்ற திட்டம் நடந்து வருகிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது முழுமை பெறவில்லை. சில துண்டுகள் நன்றாக வேலை செய்கின்றன, பல இடங்களில் இன்னும் காகிதம்தான் பயணம் செய்கிறது.

அந்தக் காகிதங்கள் எவை என்று தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும். செல்லத்தக்க ஆணை இல்லாமல் யாரையும் சிறைக்குள் எடுக்கக் கூடாது. விசாரணைக் கைதியாக இருந்தால் ‘ஜே 7’ என்ற காவல் ஆணை அவரோடு வரும். தண்டனை பெற்ற பிறகு சிறைக்கு மூன்று தாள்கள் வந்து சேர வேண்டும். முந்தைய தண்டனைகளைக் காட்டும் எஸ்.ஏ.பி. 69, குற்றம் எப்படி நடந்தது என்று காவல் துறை எழுதித் தரும் எஸ்.ஏ.பி. 62, தண்டனை விதித்தபோது நீதிபதி சொன்ன வார்த்தைகளின் எழுத்துப் படி. பிற்காலத்தில் பரோல் பேச்சு வரும்போது, சிறைக்குள் இருக்கும் வழக்கு நிர்வாகக் குழு இவற்றை வைத்துத்தான் அறிக்கை எழுதிப் பரோல் வாரியத்துக்கு அனுப்புகிறது. இவற்றில் ஒன்று வராவிட்டாலும், கைதி தன் குற்றத்தைப் பற்றித் தானே சொல்லும் கதை மட்டுமே கோப்பில் இருக்கும். பத்து வருடங்களுக்கு முன் நடந்த ஒரு கொலையை, “சண்டையில் கை தவறிவிட்டது” என்ற ஒரே வரியில் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய நிலை வாரியத்துக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன். எஸ்.ஏ.பி. 62 கேட்டு மூன்று கடிதம் போயிருந்தது, விசாரித்த அதிகாரியோ அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல அந்த நிலையத்தில் ஆள் இல்லை.

நம்மவர் விஷயத்தில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு, அது பெயர். கவுண்டர் என்ற பெயர் இங்கே கோவெண்டர் ஆயிற்று. முதலியார் என்பது மூட்லி, மூடலி, மூட்லியார் என்று பிரிந்தது. பிள்ளை என்ற பெயரின் கடைசி ஆங்கில எழுத்து ஒரு வீட்டில் ‘ஐ’, அடுத்த வீட்டில் ‘ஒய்’. அப்பாவின் பெயரான முனுசாமியும் பெருமாளும் வீராசாமியும் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டன. ஒரு நிலையத்தில் ‘ஐ’ போட்டு எழுதிய பிடியாணையும், இன்னொரு நிலையத்தில் ‘ஒய்’ போட்டு எழுதிய தண்டனைக் கோப்பும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்துவிடும். என் காலத்தில், திருட்டுக்காகச் சிறு தண்டனை முடித்த ஒருவர் காலை பத்து மணிக்குத் துணிப்பையோடு வாசலைக் கடந்து போனார். அதே ஆளை வேறொரு பெரிய வழக்கில் அடுத்த மாவட்டக் காவலர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு கோப்புகளிலும் பிறந்த தேதி ஒன்றே, கைரேகையும் ஒன்றே. பெயரின் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருந்தது.

நம் முன்னோர்களைப் பற்றித் தேடியவர்களுக்கு இது புதிதாக இராது. 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நாட்டால் பகுதிக்கு வந்த 1,52,184 பேரில் தன் பாட்டனைத் தேடும் ஒருவர், பெயரை வைத்துத் தேடினால் தொலைந்து போவார். கப்பல் பதிவேட்டில் இட்ட எண் தெரிந்தால் ஊர், தகப்பன் பெயர், உடலில் இருந்த அடையாளம் வரைக்கும் கிடைத்துவிடும். சிறைத் தகவலும் இப்படித்தான். பெயரை நம்பிப் போகும் தகவல் வழி தவறும், ரேகையையும் எண்ணையும் பிடித்துக்கொண்டு போகும் தகவல் ஊர் சேரும்.

ஆனால் ரேகையும் எல்லாம் செய்துவிடாது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா முழுவதும் அறிந்த உதாரணம் தாபோ பெஸ்டர் என்ற கைதி. புளூம்ஃபொன்டெயினில் தனியார் நிறுவனம் நடத்திவந்த மங்காவுங் சிறையில் 2022 மே 3 அன்று ஓர் அறை எரிந்தது, உள்ளே கருகிய உடல் ஒன்று கிடந்தது, கைதி தற்கொலை செய்துகொண்டார் என்று கணக்கு முடிக்கப்பட்டது. அந்த உடல் அவருடையதா என்ற சந்தேகத்தை அந்த ஆண்டு நவம்பரில் ‘கிரவுண்ட்அப்’ என்ற செய்தித் தளம் பொதுவெளியில் எழுப்பியது. உடல் அவருடையது அல்ல என்று அதிகாரிகள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2023 மார்ச்சில், அவர் டான்சானியாவில் பிடிபட்டது ஏப்ரலில். ஏறத்தாழ 11 மாதங்கள், இறந்தவராகக் கணக்கில் இருந்த ஒரு கொலைக் குற்றவாளி வெளியே நடமாடியிருக்கிறார். அவருடைய பிறப்பே பதிவாகவில்லை, உள்துறையின் மக்கள் பதிவேட்டில் அவர் இல்லவே இல்லை என்பதும் பின்னர் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் லஞ்சத்தையும் துணிச்சலையும்தான் பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. தீ நடந்தது சிறையில். உடலைப் பரிசோதித்தது மருத்துவர். மரணத்தை விசாரித்தது காவல் துறை. அடையாளம் இருக்க வேண்டியது உள்துறையில். ஒவ்வொருவர் கையிலும் உண்மையின் ஒரு துண்டு இருந்தது. நான்கு துண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது தன் வேலை என்று நினைத்த ஒருவர் இருந்திருந்தால், அதற்கு 11 மாதம் ஆகியிருக்காது.

இங்கிலாந்திலும் இதே பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று 2018 டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையான உஸ்மான் கான், 2019 நவம்பர் 29 அன்று லண்டன் பாலத்தருகே ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில் நடந்த ஒரு கல்வி நிகழ்ச்சியில் இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றார். அவர் பழைய வழிக்கே திரும்புவார் என்ற உளவுத் தகவல் விடுதலைக்கு முன்பே சிறையில் இருந்தது. நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அவரைக் கண்காணிக்க என்றே பல துறைகள் கூடும் குழு ஒன்று தவறாமல் கூடிப் பேசியது, ஆனாலும் அதன் மேற்பார்வையில் பெரும் குறைகள் இருந்தன என்று 2021இல் மரண விசாரணை ஜூரிகள் சொன்னார்கள். கூட்டம் போட்டுவிட்டால் தகவல் பகிர்ந்தாயிற்று என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சிறையிலிருந்து காவல் துறைக்குப் போக வேண்டிய தகவல்களில் மிகவும் மதிப்புள்ளது எது என்று கேட்டால், கைப்பற்றிய கைப்பேசி என்பேன். நம் நாட்டுச் சிறைகளில் 26, 27, 28 என்ற எண்களால் அறியப்படும் கும்பல்கள் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கின்றன. உள்ளே இருந்துகொண்டு வெளியே மிரட்டுவதற்கும் பணம் பறிப்பதற்கும் இன்று கைப்பேசி ஒன்று போதும். நான் ஒரு முறை ஒரு சிறையில், எந்தச் சிறை என்பது இங்கே தேவையில்லை, அதிகாலைச் சோதனை முடிந்த நேரத்தில் வேறு வேலையாகப் போயிருந்தேன். நடைபாதையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. அதற்குள் சுமார் முப்பது கைப்பேசிகள், பின்மூடி கழன்றவை சில, பேட்டரிகள் தனியே, சார்ஜர் வயர்கள் பாம்புக் குட்டிகள் போலப் பின்னிக் கிடந்தன. எது எந்த அறையில், யார் படுக்கைக்கடியில் கிடைத்தது என்று ஒரு சீட்டும் இல்லை. மூன்றாம் நாள் வந்த துப்பறிவாளர் வாளியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அதில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் ஒரு கடைக்காரரை மிரட்டிய அழைப்பு போயிருந்தது, ஆனால் எந்தக் கைப்பேசி யாருடையது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல ஒருவரும் இல்லை.

எடுத்தவர் பெயர், எடுத்த இடம், நேரம், இரண்டாவது ஆளின் கையெழுத்து, தனித்தனிப் பை, பிறகு காவல் நிலையத்தின் எஸ்.ஏ.பி. 13 சான்றுப் பொருள் பதிவேட்டில் ஒரு வரி. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதற்குக் கணினி வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். அன்று சோதனை செய்த வார்டர்கள் சோம்பேறிகள் அல்லர். உயிரைப் பணயம் வைத்து அந்த அறைகளுக்குள் போனவர்கள். கைப்பேசியைப் பறிப்பது தங்கள் வேலை, வழக்குக் கட்டுவது இன்னொருவர் வேலை என்றே அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது.

சட்டம் கெடு வைத்தும் கை நழுவிப் போனதற்கு டி.என்.ஏ. மாதிரி விவகாரம் ஓர் உதாரணம். 2013ஆம் ஆண்டின் 37ஆம் எண் சட்டம் 2015 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கடுங்குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர்கள் எல்லோரின் கன்னத்தின் உட்புறத்திலிருந்தும் மாதிரி எடுத்துக் காவல் துறையின் தரவுத்தளத்தில் சேர்க்க இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. உள்ளே ஆள் இருப்பது சிறைத் துறையின் கையில். மாதிரி எடுக்கும் பொறுப்பு காவல் துறையின் கையில். 2017இல் அவகாசம் முடிந்தபோது மாதிரி கொடுக்காதவர்கள் ஏராளமாக மிச்சம் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கும் அதிகாரமும் அதோடு காலாவதியாயிற்று. 2022ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் வந்துதான் அது மீண்டது. இடையில் விடுதலையாகிப் போனவர்களோடு எத்தனை பழைய வழக்குகளின் விடையும் போய்விட்டதோ என்று நினைத்தால் தூக்கம் வராது. கோவிட் காலத்தில், 2020 மே மாதம் சுமார் 19,000 கைதிகளைப் பரோலில் அனுப்ப அரசு முடிவெடுத்தபோது, டி.என்.ஏ. சோதனையும் காவல் துறையின் தேடப்படுவோர் பட்டியலில் சரிபார்ப்பும் நிபந்தனையாக வைத்ததை நான் நல்ல மாற்றமாகவே பார்த்தேன்.

அப்படியானால் எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. இதை நம் சமூகத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு. 1907இல் டிரான்ஸ்வாலில் ஆசியர் சட்டம் வந்தபோது, குற்றம் எதுவும் செய்யாத இந்தியர்களின் விரல் ரேகையைக் கேட்டார்கள்; தம்பி நாயுடுவும் அவரோடு ஏராளமான ஜோகன்னஸ்பர்க் தமிழர்களும் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனது அதை எதிர்த்துத்தான். அந்தப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் விட்டார். அந்தப் பெண் பதினாறு வயதைத் தாண்டவில்லை. பதிவேடு ஒன்று யாரைக் காப்பதற்கு, யாரைக் கட்டிப்போடுவதற்கு என்ற கேள்வியை நாம் மறந்துவிடக் கூடாது.

எனவே சில எல்லைகள் உண்டு, அவை நியாயமானவை. கைதி தன் வழக்கறிஞரோடு பேசுவது காவல் துறைக்குப் போகக் கூடாது. அவருடைய மருத்துவக் கோப்பும், எச்.ஐ.வி. நிலை உட்பட, விசாரணைக்கான தீனி அல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் அரசுத் துறைகள் செய்யும் வேலைக்கு விலக்குத் தருகிறது என்றாலும், வேறு சட்டங்களில் தக்க பாதுகாப்பு இருக்கும் அளவுக்குத்தான் அந்த விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளிருந்து தகவல் சொன்னவரின் பெயர். ‘இம்பிம்பி’, அதாவது காட்டிக்கொடுப்பவர், என்ற ஒரு சொல் ஒரு கைதியின் மேல் ஒட்டிக்கொண்டால் அவர் உயிரோடு வெளியே வருவது சந்தேகம். ஆகவே தகவல் போகும் தாளில் தகவல் மட்டும் போக வேண்டும். சொன்னவரின் அடையாளம் வேறிடத்தில், ஓரிருவர் மட்டுமே அறிய இருக்க வேண்டும்.

தகவல் பகிர்வு கைதிக்கு எதிராக மட்டுமே வேலை செய்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். தீர்ப்பு வராமல் இரண்டு ஆண்டு உள்ளே இருக்கும் விசாரணைக் கைதியின் விவரத்தைச் சிறைத் தலைவர் நீதிமன்றத்தின் முன் வைத்தே ஆக வேண்டும் என்று 2013 முதல் ஒரு விதி இருக்கிறது. யாரும் நினைத்துப் பார்க்காமல் கிடந்த பல இளைஞர்களை அந்த ஒரு தாள் நீதிபதியின் கண்ணில் படவைத்திருக்கிறது.

இனி, சகோதரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 299ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, ஆயுதக் கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும்போது, பாதிக்கப்பட்டவருக்கு, கொலை என்றால் இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு, ஓர் உரிமை இருப்பதை நீதிமன்றம் தெரிவிக்க வேண்டும்: பரோல் பேசப்படும்போது தங்கள் கருத்தைச் சொல்லவும், வாரியத்தின் கூட்டத்துக்கு வரவும் உள்ள உரிமை. ஆனால் அந்தப் பிரிவில், உறவினர் ‘நீதிமன்றத்தில் இருந்தால்’ தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. தண்டனை வாசிக்கும் நாளில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க மனம் வராமல் வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் எவருக்கும் அந்த உரிமை காதில் விழவே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே பிரிவு உங்கள் மேலும் ஒரு கடமையை வைக்கிறது. கருத்துச் சொல்ல விரும்புகிறீர்கள் என்பதைச் சீர்திருத்தச் சேவைகள் ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அஞ்சல் முகவரியும் வீட்டு முகவரியும் தர வேண்டும், வீடு மாறினால் அதையும் எழுத வேண்டும். அப்படிப் பதிவு செய்தவருக்குக் கூட்டம் எப்போது என்று வாரியம் அறிவிக்க வேண்டும். உங்களிடம் ‘தொலைபேசியில் சொல்ல முடியாது’ என்ற அதிகாரி தவறு செய்யவில்லை. எதிர்முனையில் பேசுவது இறந்தவரின் அக்காவா, பகையாளியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எழுத்தில் என்ன அனுப்பினால் பதில் கிடைக்கும் என்று அவர் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

சந்தையில் பார்த்தது அவர்தான் என்றால், அவர் பரோலில் இருக்கலாம், தண்டனை முடிந்தும் வந்திருக்கலாம். பரோல் என்றால் அது முழு விடுதலை அல்ல; தண்டனையின் மீதியை வெளியே கழிக்கிறார், அவ்வளவுதான். வீட்டில் இருக்க வேண்டிய நேரம், போகக் கூடாத வட்டாரம், நெருங்கக் கூடாத ஆள் என்று நிபந்தனைகள் இருக்கும். அவற்றை மீறினால் பிடியாணை பிறப்பித்துத் திரும்ப உள்ளே அழைக்கலாம். உங்கள் குடும்பத்தை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனை இல்லாவிட்டால், அதைச் சேர்க்கச் சொல்லி இப்போதும் எழுதிக் கேட்கலாம். அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாலோ மிரட்டினாலோ, நாள், நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி, காவல் நிலையத்துக்கும் அந்தப் பகுதியின் சமூகக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் தனித்தனியே கொடுங்கள். ஓர் இடத்தில் கொடுத்தால் மற்ற இடத்துக்குப் போய்விடும் என்று நம்பி இருக்க வேண்டாம் என்பதை இத்தனை நேரம் படித்ததிலிருந்தே நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். தண்டனை முழுவதும் முடிந்துவிட்டிருந்தால் பரோல் நிபந்தனை எதுவும் இராது. அப்போது 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பழைய படத்தை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊர் நம் ஊர். பத்து வருடப் பழைய படத்தில் இருக்கும் முகம் வேறு யாரோ ஒரு அப்பாவியின் முகத்தோடு ஒத்துப்போக ஒரு இரவு போதும்.

கடிதத்தை ஆணையர் பெயருக்கே எழுதி, சிறைத் தலைவருக்கும் பரோல் வாரியத் தலைவருக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள். அவருடைய முழுப் பெயரை நீதிமன்றத்தில் எழுதியபடியும், நீங்கள் அறிந்த வேறு எழுத்துக் கூட்டலிலும் கொடுங்கள். பிறந்த தேதி தெரிந்தால் சேருங்கள். காஸ் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் அந்த நிலையத்திலேயே கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் கைதி எங்கே என்ற தகவல் இல்லாவிட்டாலும், இந்த எண் அவசியம் இருக்கும். நீதிமன்ற வழக்கு எண்ணும் இருந்தால், நான் முதலில் சொன்ன மூன்று எண்களில் இரண்டை நீங்களே ஒரே தாளில் சேர்த்துவிடுகிறீர்கள். நீங்கள் இறந்தவருக்கு என்ன உறவு என்பதற்குப் பிரமாணப் பத்திரம் ஒன்றைக் காவல் நிலையத்திலேயே சத்தியம் செய்து வாங்கி இணையுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் படியில் முத்திரையும் தேதியும், வாங்கியவரின் பெயரும் போடச் சொல்லுங்கள். அந்தப் பெயர் மிக முக்கியம். துறைக்குக் கொடுத்த கடிதம் காணாமல் போகலாம், பெயருள்ள ஒருவரிடம் கொடுத்த கடிதத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

முகவரியில் கவனம் வேண்டும். சாட்ஸ்வர்த்தில் எண்ணால் அழைக்கப்பட்ட பல சாலைகள் பிறகு பெயர் பெற்றன. வழக்கு நடந்தபோது உங்கள் அம்மா கொடுத்தது எண்ணாக இருக்கும், இன்று நீங்கள் எழுதுவது பெயராக இருக்கும். இரண்டையும் எழுதி, ‘இரண்டும் ஒரே வீடு’ என்று ஒரு வரி சேருங்கள். வாரியத்திலிருந்து போன கடிதங்கள் ‘முகவரி அறியப்படவில்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்ததை நான் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பலவற்றில் அதே குடும்பம்தான் அப்போதும் குடியிருந்தது.

கடைசியாக, அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பேச வராது, வாரியத்தின் முன் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை வற்புறுத்தி அழைத்துப் போக வேண்டாம்; அவர் விரும்பினால் வரட்டும். வீட்டில் உட்கார்ந்து அவர் தமிழில் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மகனைப் பற்றி, அவன் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி, அந்த மனிதர் பக்கத்துத் தெருவில் நடமாடினால் தனக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் சொல்லட்டும். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் கையெழுத்தோடு இணையுங்கள். வர விரும்பினால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதே கடிதத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூட்டத்தன்று கேட்டால் ஆள் கிடைக்காமல் தேதி தள்ளிப்போகும். நம் அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன்.